ஒரு பிடி அரிசி, ஐந்து நாள்

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கொட்டாஞ்சேனைக்கே இடமாற்றம் கிடைத்ததும் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததும் பெரிய ஆறுதல்.

தரம் 3 பிள்ளைகளோடு ஒரு வாரம் கொடையும் படிப்புமாக நடத்த உண்டியல் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கலா. காசென்றால் அதிபரிடம் எழுத்தில் அனுமதி, பற்றுச்சீட்டு, கணக்கு என்று வேலை நீளும். அதைவிட, யார் 100 ரூபாய்த் தாள் போட்டது, யார் 5 ரூபாய்க் குற்றி போட்டது என்பது இடைவேளைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். பிடியரிசி சேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பிடி அரிசி. 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்காக ஆறுமுக நாவலர் பிடியரிசி சேர்த்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தவக்காலச் சேமிப்பு, சதகா, வெசாக் தன்சல் என்று கொடுப்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் தெருவிலும் என்ன பெயர் என்று அவர்களையும் சொல்ல விடு.

அளவைப் பார். தரம் 3 பிள்ளையின் ஒரு பிடி ஏறக்குறைய 30 கிராம் வரும். 35 பிள்ளைகள், ஐந்து நாள் என்றால் 5,250 கிராம். அதாவது 6 கிலோ அரிசி கையில் இருந்தால் போதும். பன்னிரண்டு வீடுகள் அரைக் கிலோப்படி தந்தால் வந்துவிடும். ஆகையால் எல்லாப் பெற்றோரிடமும் கேட்டு நெருக்காதே. அந்த வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தவர்கள் பெயர் எழுதாமல் தரட்டும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிவை. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி வாளியில் போட வேண்டும். வீட்டில் அரிசி முடிந்திருக்கும் பிள்ளையும் மற்றவர்களைப் போலவே வரிசையில் வரும், போடும். இந்த ஏற்பாட்டை மட்டும் விட்டுவிடாதே, மீதியெல்லாம் உன் வசதிப்படி மாற்றிக்கொள்.

நாட்டரிசி, அதாவது கடையில் ‘நாடு’ என்று விற்கும் புழுங்கல், மட்டும் என்று கேள். பச்சையரிசியும் புழுங்கலும் கலந்தால் வேகும் நேரமும் தண்ணீரும் ஒத்துவராது. ஒன்று குழையும்போது மற்றது நறுக்கென்று நிற்கும், சமைப்பவருக்குத்தான் கரைச்சல். எப்படியும் யாராவது சிறுமணி அரிசியான கீரிச் சம்பா அனுப்புவார்கள். அதைத் தனிப் போத்தலில் வை. சாக்கில் கொட்டுமுன் ஒவ்வொரு பையையும் சுளகில் பரப்பி வண்டு இருக்கிறதா என்று பார். ஒரு பையில் இருந்தால் முழுச் சாக்குக்கும் பரவும்.

பிடி என்றால் என்ன என்பதைத் திங்கட்கிழமையே தீர்த்துவிடு. விரலை மடக்கி மூடினால் பிடி, விரித்துக் குவித்தால் சிறங்கை. சிறங்கையில் இன்னும் நிறைய அரிசி கொள்ளும். சொல்லாவிட்டால் புதன்கிழமைக்குள் சாக்கு காலி. சின்னக் கைகளில் சுண்டுவிரல் பக்கத்தால் அரிசி ஒழுகும். சாக்குக்கும் வாளிக்கும் இடையில் பழைய பத்திரிகை விரி, விழுந்ததைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு அதையும் நிறுக்கட்டும். கை கழுவிய பிறகு நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரக்கையில் அரிசி ஒட்டும். கொழும்புப் புழுக்கத்தில் ஈரம் பட்டுச் சேர்ந்த அரிசி இரண்டு நாளில் மணக்கத் தொடங்கும்.

கணிதம் தானாகவே வரும். நிறுக்குமுன் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டு எழுதட்டும். வெறும் வாளியின் நிறையைக் கழிக்க மறப்பார்கள். நீயாகத் திருத்தாதே, விடை ஏன் பெரிதாக வந்தது என்று அவர்களே தேடட்டும். வீட்டுச் சமையல் தராசுகள் பலவும் 5 கிலோவுக்கு மேல் காட்டாது, ஆகவே அன்றன்றைய அரிசியை அன்றன்றே நிறுத்துக் கரும்பலகையில் கட்ட வரைபாகக் குறி. ஒரு சுண்டில் எத்தனை பிடி, ஒரு கொத்தில் எத்தனை சுண்டு என்று அம்மம்மாவிடம் கேட்டுவந்து, பால்பேணியால் அளந்து பார்க்கட்டும். ஒருவருக்கு ஒரு நேரத்துக்குச் சமைக்காத அரிசி 100 கிராம் என்று வைத்தால், 5,250 கிராமில் 52 சாப்பாடு, மீதி 50 கிராம். அந்த 52 என்ற எண்ணை அவர்களே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் வரும் சத்தத்தைக் கேள்!

முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதென்றால் முதலில் பேசிக் கேள். போயா (முழுநிலா) நாட்களிலும் பிறந்தநாள், திவச நாட்களிலும் சமைத்த சாப்பாடு குவியும். சாதாரண வார நாளில்தான் குறையும். சில இடங்களில் அரிசி போதுமானதாக இருந்து, பருப்பும் சவர்க்காரமும்தான் இல்லாமல் இருக்கும். அரிசியோடு கொடுக்கும் வாழ்த்து அட்டையைத் தமிழிலும், இரண்டாம் மொழிப் பாடத்தில் படித்த சிங்களத்திலும் எழுதலாம். கடதாசிப் பை என்றால் இரட்டையாகப் போடு, ஒரு கிலோவுக்கே அடி கிழியும். கொடுக்கும்போது அங்குள்ளவர்களைப் படம் எடுக்க விடாதே.

சுளகு என்னிடம் இரண்டு இருக்கிறது. சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு போ, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
சுமதி