ஏழு பாகத்தில் நிற்கும் மீன்

தங்கச்சிமடம்
ஆனி 12

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதமும் பொட்டலமும் மாசிக் கடைசியிலேயே வந்துவிட்டன. பதில் எழுத ஆனி ஆகிவிட்டது, திட்டாதே மாப்ளே. நடுவில் 61 நாள் தடைக்காலம் வந்துவிட்டது. மருமகனின் விசைப்படகு கரையேறிக் கிடந்தால் வீட்டில் வரவு கிடையாது, சண்டைதான். ஜூன் 14-ஓடு தடை முடிந்து தொழிலுக்குப் போய்விட்டார். முதல் நடையில் இறால் பரவாயில்லை, விலைதான் இல்லை.

சரி, உன் கதைக்கு வருகிறேன். பாஸ் மீன் பிடிக்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் நம்ம கொடுவா மீன்தான் என்று நினைத்தேன். அதற்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தானே? பேரன்தான் தேடிப் பார்த்து, கலிபோர்னியா ஷாஸ்டா ஏரியில் நீ பிடிக்கிற ஸ்பாட்டட் பாஸுக்கும் கொடுவாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றான்.

மீன் காட்டும் கருவியில் நாற்பது அடி ஆழத்தில் மீன் தெரிகிறது, மூன்று நாளாக ஒன்றும் கடிக்கவில்லை, கடித்த ஒன்றும் அறுத்துக்கொண்டு போனது என்று புலம்பியிருந்தாய். ஒரு பாகம் ஆறு அடி, நாற்பது அடி என்றால் நம் கணக்கில் ஏழு பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் பளிங்காக இருக்கிற இடத்தில் நீ முதலில் போட்டது பன்னிரண்டு பவுண்டு இழுப்பைத் தாங்கும் நைலான் தூண்டில் நரம்பு! மீனுக்குக் கண் இல்லையா? அப்புறம் மாற்றினாயே ஆறு பவுண்டு ஃப்ளூரோகார்பன், அது சரி. பழைய பௌதிக வாத்தியார் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, அந்த நரம்புக்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். தண்ணீரோடு நெருங்க நெருங்கக் கண்ணில் படுவது குறையும். அறுந்தது நரம்பின் குற்றமில்லை. விலாங்கைத் தூக்குவது போல வெட்டி இழுத்திருப்பாய். மெல்லிய தூண்டில் முள்ளுக்கு அது வேண்டாம். பாரம் தெரிந்ததும் கம்பைச் சாய்த்துக்கொண்டு சுற்றினால் போதும், முள் தானாக ஏறும்.

நீ அனுப்பிய நரம்பைப் பங்குனியில் தென்கடலில் போட்டுப் பார்த்தேன். காற்று விழுந்து கடல் தெளிந்திருந்த நேரம். வள்ளத்திலிருந்து குனிந்தால் அடியில் பாறைத்திட்டு, நம்ம பார், அப்படியே தெரிந்தது. தீவுப் பக்கம் போகவில்லை, அது தேசியப் பூங்கா. நீ படம் போட்ட மாதிரியே ஏழு கிராம் ஈயம் அடியில், ஒன்றரை அடி மேலே முள், முள்ளில் ரப்பர் புழுவின் மூக்கு. இந்த ட்ராப் ஷாட் ஜப்பான்காரர்கள் பிரபலமாக்கியது என்று எழுதியிருந்தாய். ஈயம் கீழே, முள் மேலே என்று அப்பா கட்டாத கைத்தூண்டிலா?

முதலில் வந்தது ஒரு சீலா மீன். கத்தரிக்கோல் வைத்தது போல நறுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடி கட்டி இறக்கினேன். இந்த முறை ஆட்டவில்லை. "நீ ஆட்டாதடா, கடல் ஆட்டும்" என்பார் அப்பா. நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நீவாடு, அதுதான் நீரோட்டம், இழுக்கிற இழுப்பு விரலில் ஒரே சீராகத் தெரிந்துகொண்டிருந்தது. திடீரென்று அது இல்லை. இழுப்பு இல்லை, ஆனால் நரம்பு தொய்யவும் இல்லை. இரையை வாயில் வைத்துக்கொண்டு மீன் நின்றால் அப்படித்தான் இருக்கும். முக்கால் கிலோ விளமீன். உன் ஏரியில் நீவாடு கிடையாது. படகு அசைகிற அசைவே போதும். ஈயம் தரையை விட்டு எழும்பக் கூடாது, அவ்வளவுதான்.

பிடித்த மீனைத் திரும்ப விட்டால் மல்லாந்து மிதக்கிறது என்றாயே, அது நெட்டி, அதாவது வயிற்றுக் காற்றுப்பை, உப்பியதால். கூறல் மீன் நெட்டிக்கு நம்மூரில் என்ன விலை என்று உனக்குத் தெரியும். அதே காற்றுப்பைதான். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் காற்று விரிந்துவிடும். கலவா மீன் வாயில் பலூன் மாதிரி தள்ளிக்கொண்டு வருமே, அது அதன் இரைப்பை, நெட்டி அமுக்கி வெளியே வருவது. ஊசி குத்திக் காற்றை எடுக்கிறார்கள் என்கிறாய். உன் கை நடுக்கத்துக்கு வேண்டாம். விடுவதற்குப் பிடிப்பதென்றால் காலையில் ஆழம் குறைந்த ஓரமாகப் போடு. ஏழு பாகத்தில் எடுத்ததைச் சட்டம் அனுமதித்தால் குழம்பு வை.

அடுத்த பொட்டலத்தில் நரம்பு மட்டும் அனுப்பு. ரப்பர் புழு வேண்டாம். மிச்சமிருந்த ஒன்றைப் பேரன் உன் தங்கச்சியின் காப்பி டம்ளரில் போட்டுவிட்டான். என்னோடு அவள் பேசி நாலு நாள் ஆகிறது.

அன்புடன்,
ராசு