பட்டியலை வாசிக்கச் சொல்

பெங்களூரு,
ஜூலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் நர்சிங் சேர்ந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே ஸ்ரீராமபுரத்தில் விட்டு விட்டு மழை. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீ எழுதிய ஒரு விஷயம்தான் மனதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷம் குத்தகைக்கு உழுகிற உனக்கு ஒன்றும் வரவில்லை, நிலத்துக்காரருக்கு 2,000 ரூபாய் தவணை தவறாமல் வருகிறது என்றாயே. மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் உதவித்தொகையின் விதியே அப்படித்தான். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய். ஏர் பிடிப்பது யார் என்று அது கேட்பதில்லை. எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கம் நிலம், பயிர் வைப்பது வேறொருவர், பணம் வருவது இவர் கணக்குக்கு. சட்டப்படி அவர்மேல் தப்பில்லை. ஆனால் வருமான வரி கட்டுகிறவர் வாங்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது. வெளியூரில் இருப்பவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது ஊர்க்காரர்களுக்குத்தானே முதலில் தெரியும்?

2020-ஐ நினைத்துப் பார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று நம் பக்கமே பேப்பரில் நாறியது. அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்துத் தரகர்கள் இந்தத் திட்டத்தில் ஆள் சேர்த்தார்கள். நிலமே இல்லாதவர்கள் விவசாயி ஆனார்கள். தமிழ்நாட்டில் தகுதியில்லாமல் சேர்ந்தவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி என்று அரசே சொன்னது. அந்தப் பெயர்களை ஒரு சாயங்காலம் ஊர் நடுவே வாசித்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். எந்த வீட்டுக்கு எத்தனை சென்ட் என்று ஊரில் தெரியாதவர் யார்?

பெயரை வெளியிட்டால் மானம் போகும் என்கிறார்கள். ஐரோப்பாவிலும் இந்த வழக்கு வந்தது. மானியம் வாங்கிய விவசாயிகளின் பெயரை வெளியிட்டதை 2010-இல் அங்குள்ள நீதிமன்றம் தடுத்தது. 2013-இல் சட்டத்தைத் திருத்தி, 1,250 யூரோ வரை வாங்கும் சிறு விவசாயிகளின் பெயரை மறைத்து மற்றவர்களை வெளியிட ஏற்பாடு செய்தார்கள். அங்கே ஒருவருக்குப் பல லட்சம் போகும், அதனால் தொகை முக்கியம். நமக்கோ எல்லாருக்கும் அதே 6,000. அதில் என்ன ரகசியம்? பெயரும் ஊரும் தெரிந்தால் போதும். ஆதார், போன் நம்பர், வங்கிக் கணக்கு யாருக்கும் தெரியவே கூடாது.

இது நாம் கெஞ்சிக் கேட்கிற சலுகையும் இல்லை. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்கும் வழியை அகலமாக்கிவிட்டது. எனக்கு அதுதான் பயம்.

பிஎம் கிசான் இணையதளத்தில் ஊர் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. மாவட்டம், வட்டாரம், கிராமம் தேர்ந்தெடுத்தால் வரும். உன் மகள் போனில் எடுத்துவிடுவாள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதை வாசிக்கச் சொல்லு. அப்புறம், குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரையும் தனியாக எழுதி, இவர்களுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லு. தனியாக எழுந்து பேச வேண்டாம், கூடவே நாலு பேரைச் சேர்த்துக்கொள்.

என்ன ஆனது என்று எழுது. தீர்மானத்தின் நகல் கிடைத்தால் அதையும் அனுப்பு.

அன்புடன்,
சேகர்