பொருள்: உங்கள் கடன் ஆப் என் போனின் தொடர்புப் பட்டியலை எடுத்தது, வெளியே கொடுத்தது குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர், டிஜிட்டல் கடன் பிரிவு

ஐயா / அம்மையீர்,

உங்கள் ஆப் மூலம் வாங்கிய தனிநபர் கடனை முழுவதும் அடைத்து, தடையில்லாச் சான்றும் பெற்றுவிட்டேன். அதற்குப் பிறகு என் போனில் சேமித்திருக்கும் எண்களுக்கு, என் பெயரைக் குறிப்பிட்டு, "உங்களுக்கும் கடன் வேண்டுமா" என்று குறுஞ்செய்திகள் போகின்றன. பிள்ளையின் பள்ளி வேன் ஓட்டுநருக்கும் போயிருக்கிறது. நான் கடன் வாங்கியது அவருக்கு ஏன் தெரிய வேண்டும்?

விண்ணப்பத்தின் இரண்டாவது திரையிலேயே உங்கள் ஆப் 'தொடர்புகள்' அனுமதி கேட்கிறது. மறுத்தால் மேலே போக விடுவதில்லை. கடன் ஆப்கள் போனின் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள், படங்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டு நெறிகளிலேயே சொல்லிவிட்டது. கேமரா, மைக், இருப்பிடம் போன்ற தேவையானவற்றை, வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கும் கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்புக்கும் மட்டும், அவரின் வெளிப்படையான சம்மதத்தோடு ஒருமுறை பயன்படுத்தலாம். கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் ஆப்களுக்குத் தொடர்புகள், படங்கள் அனுமதியைத் தடை செய்திருக்கிறது.

அவசரத் தொடர்புக்காகவே கேட்பதாக உங்கள் வாடிக்கையாளர் சேவை சொல்வதை ஏற்க முடியாது. இரண்டு எண்கள் வேண்டுமென்றால் தட்டச்சு செய்யச் சொன்னால் போதும். இல்லையென்றால் ஆண்ட்ராய்டிலேயே தொடர்பைத் தேர்ந்தெடுக்கும் திரை இருக்கிறது. பயனர் தொட்ட ஒரு தொடர்பு மட்டும் ஆப்பின் கைக்கு வரும், அதற்குப் பட்டியல் முழுவதையும் படிக்கும் அனுமதி தேவையே இல்லை. இது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

"ஆப்பை நீக்கிவிடுங்கள், சரியாகிவிடும்" என்ற பதிலும் தவறு. அமைப்புகளில் ஆப்ஸ், உங்கள் ஆப், அனுமதிகள் என்று போய்த் தொடர்புகளை 'அனுமதிக்காதே' என மாற்றினாலும், ஆப்பையே நீக்கினாலும், இனிமேல் எடுப்பதுதான் நிற்கும். ஏற்கெனவே உங்கள் சர்வருக்குப் போன நகலை நீங்கள்தான் அழிக்க முடியும். மேலும், அந்த எண்கள் என்னுடையவை அல்ல. வேறொருவரின் எண்ணைக் கொடுக்க நான் தரும் சம்மதம் எப்படிச் செல்லும்?

எனவே, எடுத்த பட்டியலை சர்வரிலிருந்தும் காப்பு நகல்களிலிருந்தும் அழித்து, அழித்த தேதியை எழுத்தில் தர வேண்டும். எந்தெந்த முகவர் நிறுவனங்களுக்குக் கொடுத்தீர்கள் என்ற பட்டியலையும், அவர்களும் அழித்ததற்கான உறுதியையும் தர வேண்டும். அந்த அனுமதித் திரையை ஆப்பிலிருந்தே எடுக்க வேண்டும். இது எனக்காக மட்டும் கேட்பதல்ல. நாளை விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் அதே திரைதான் வரும்.

குறுஞ்செய்திகளின் திரைப்பிடிப்புகள், ஆப்பின் அனுமதிப் பக்கம், தடையில்லாச் சான்று ஆகியவற்றை இணைத்துள்ளேன். 30 நாட்களுக்குள் சரியான பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளம் வழியாக முறையிடுவேன்.

இப்படிக்கு,
கடன் கணக்கு வாடிக்கையாளர்