கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நட

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். செந்தூரா மாமரம் பூ விட்டிருக்கிறது, பெங்களூரா இன்னும் யோசிக்கிறது. அம்மாவின் முழங்கால் அப்படியேதான். பாரிஸ் கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்பினாய். அதன் பிறகு பதினோரு நாளாகப் போன் இல்லை. வேலை இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவனைத் திட்டாதே.

சும்மா இருக்கும் நேரத்தில், வெளிநாடுகளில் சுற்றுலாப் பயணிகளை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று படித்தேன். பாரிஸில் குன்றின் மேல் வெள்ளைத் தேவாலயம் இருக்கிறதே, அதன் படிக்கட்டில் பேச்சுக் கொடுத்தபடியே கையில் நூல் கயிறு கட்டிவிடுவார்களாம். முடிச்சு இறுகிய பிறகு காசு கேட்பார்களாம். கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்காமல் நட. காது கேளாதவர்களுக்கு உதவி என்று அட்டையை நீட்டினால் கையெழுத்துப் போடாதே. நீ பேனாவைப் பார்க்கும்போது இன்னொருவர் கை உன் பைக்குள் இருக்கும். பாங்காக்கில், அரண்மனை இன்று மூடியிருக்கிறது என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றி ரத்தினக்கல் கடையில் இறக்கிவிடுவார்கள். நீ பாங்காக் போகவில்லை, தெரியும். சொல்லிவைக்கிறேன்.

பிராக் நகரில் பணம் மாற்றினாயா? ஏமாந்ததாகத் தோன்றினால் 3 மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குப் போய்த் திருப்பிக் கேட்கலாம். 2019 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எத்தனை மூன்று மணி நேரம் போயிருக்குமோ! கார்டு இயந்திரம் யூரோவா, கொருனாவா என்று கேட்டால் அந்த ஊர்ப் பணமான கொருனாவையே அழுத்து. யூரோவை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை. ஆபத்து என்றால் ஐரோப்பா முழுவதும் 112. நிற்காமல் நட.

வீட்டுக்காரரிடம் ஜெர்மன் மொழியிலேயே சண்டை போட்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கியவள் என் மகள் என்று பர்கூர் பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு அப்பாவிடம் இரண்டு நிமிடம் பேச முடியவில்லை.

இன்னொன்று. சேன் ஆற்றங்கரையில் உன் காலடியிலிருந்து ஒருவர் மோதிரத்தை எடுத்து, உன்னுடையதா என்று கேட்பார். இல்லை என்றால், நீயே வைத்துக்கொள் என்று கையில் திணித்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் காசு கேட்பார். மோதிரம் பித்தளை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2003-இல் மாங்காய்ப் பணம் 18,000 ரூபாய் பஸ்ஸில் ஜேப்படி போனது என்று சொன்னேனே, அது ஜேப்படி இல்லை. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் என் காலடியில் ஒருவன் ஒரு பொட்டலத்தை எடுத்தான். உள்ளே தங்கம் போல மஞ்சள் நிறக் கட்டி, அதைச் சுற்றி நகைக்கடை ரசீது. பங்கு கேட்க இன்னொருவன் வந்தான். இருவருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டியை நானே வைத்துக்கொண்டேன். மாமா அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். மறுநாள் ஆசாரி உரைகல்லில் இரண்டு முறை தேய்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் கல்லைத் துடைத்துவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

பஸ்ஸில் பை மாமாவின் மடியில்தானே இருந்தது என்று பாட்டி கேட்டாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் நான் சொல்லவில்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள். உன் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வராமல் அம்மா சமையலறையில் நின்று அழுதாளே, அதற்குக் காரணம் நான்தான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கட்டி டிரங்குப் பெட்டியில், உன் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் போய் மாமாவைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கதவைத் திறப்பாரோ என்னவோ.

பணம் வேண்டுமானால் என்னிடமே கேள். தம்பி கடன் வாங்கித்தான் அனுப்பியிருப்பான், அனுப்பியிருந்தால்.

உன் அப்பா