அஷ்டமி நவமியில் கடல் வேலை

ஸ்ட்ரோம்னஸ், ஆர்க்னித் தீவு, ஸ்காட்லாந்து
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் தம்பியும் நலமாக இருக்க முருகன் துணை. உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், கடலில் என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். மூணாற்றை அடுத்த பள்ளிவாசல் நீர்மின் பவர் ஹவுஸிலேயே ஆயுளின் பாதியைக் கழித்த உங்களுக்குப் புரியாத வேலை அல்ல இது. ஆகவே ஆற அமர எழுதுகிறேன்.

குளிரை நினைத்து அம்மா கவலைப்பட வேண்டாம். தை மாதத்தில் செண்டுவாரைப் புல்லில் உறைபனி படிவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தக் குளிர் பெரிதல்ல. காற்றுதான் பொல்லாதது. உப்பும் காற்றும் சேர்ந்து மரத்தை வளர விடுவதில்லை என்பதால், தீவில் எங்கு நின்றாலும் கண்ணுக்கெட்டும் தூரம்வரை புல்லும் கல்லும் கடலும்தான். மார்கழியில் காலை ஒன்பது மணிக்கு விடிந்து பிற்பகல் மூன்றேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது. ஹீட்டரை மாலையில் மட்டும் போட்டுக்கொள்கிறேன்; நாள் முழுக்கப் போட்டால் தோல் வறண்டுவிடுகிறது. உள்ளறையில் ஒரு பெண்ணைக் குடி வைத்திருக்கிறேன். பேச்சுத் துணைக்கு ஆள் இருப்பது நல்லதுதானே.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். நண்டுக்கூடு வைத்துப் பிழைத்தவர். யாரோடும் நின்று பேச மாட்டார். ஆனால் புயல் வரப்போகிறது என்றால், காற்றின் திசையையும் படகு போகுமா போகாதா என்பதையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி என் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேடாக் மீனைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து தருவார். அதில் குழம்பு வைக்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய கொடம்புளி தீர்ந்துவிட்டது. எலுமிச்சை பிழிந்து வைத்தால் வேறு ஏதோ ஒரு குழம்பாகிவிடுகிறது.

இனி வேலைக்கு வருகிறேன். அலையிலிருந்தும், கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் எந்திரங்களை நிஜக் கடலிலேயே இறக்கிச் சோதித்துப் பார்ப்பதற்காக, ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையம் 2003-இல் இந்தத் தீவுகளில் தொடங்கப்பட்டது. ஸ்ட்ரோம்னஸ் அருகில் பில்லியா குரூ என்ற இடத்தில் அலை எந்திரங்களையும், ஈடே தீவை ஒட்டி ஃபால் ஆஃப் வார்னஸ் என்ற நீரிணையில் ஓத எந்திரங்களையும் சோதிக்கிறார்கள். அந்த நீரிணையில் பெரிய ஓதத்தின்போது தண்ணீர் விநாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் ஓடும். தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் கனமானது என்பதால், அந்த வேகமே பெரிய காற்றாலைக்கு ஈடான விசையைக் கொடுத்துவிடுகிறது. ஆர்பிட்டல் ஓ2 என்ற எந்திரம் 2021 முதல் அங்கே இருக்கிறது. 74 மீட்டர் நீளமுள்ள மிதவை அது. இருபுறமும் கை போல நீண்டு, ஒவ்வொரு கையிலும் 20 மீட்டர் விட்டமுள்ள சுழலி ஒன்று. மொத்தத் திறன் 2 மெகாவாட். பழுது பார்க்க வேண்டுமானால் கைகளை நீர்மட்டத்துக்கு உயர்த்திவிடலாம். நீருக்குள் மூழ்கி வேலை செய்யும் முங்காளியை இறக்காமலே வேலை முடியும் என்பதுதான் அதன் சிறப்பு. பவர் ஹவுஸில் டர்பைனின் ரன்னர் சக்கரத்தைக் கழற்ற நீங்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

ஆச்சிக்கு ஒன்று சொல்லுங்கள்: எங்கள் வேலையும் பஞ்சாங்கப்படிதான் நடக்கிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஓதம் உச்சத்துக்கு வரும். மின்சாரம் நிறையக் கிடைக்கும், ஆனால் எந்திரத்தின் அருகே போக முடியாது. அஷ்டமி, நவமியும் அதை அடுத்த நாட்களும்தான் நீரோட்டம் தளரும் காலம். அப்போதும் நீர் நின்று திரும்புகிற அந்தச் சிறு இடைவேளைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று ஆச்சி சொல்வார். இங்கே அதற்காகத்தான் காத்திருக்கிறோம். தாத்தாவுக்குத் திதி கொடுக்கத் தை அமாவாசையன்று நீங்கள் சுருளிக்குப் போகும்போது, இங்கே படகெல்லாம் கரையில்தான் நிற்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுழலியின் இறக்கைகள் மீனை வெட்டாதா என்று கேட்டிருந்தீர்கள். என் வேலையே அந்தக் கேள்விதான் அப்பா. உங்கள் பவர் ஹவுஸின் பெல்டன் சக்கரத்தைப் போல இது வேகமாகச் சுற்றுவதில்லை. ஒரு முழுச் சுற்றுக்குச் சில விநாடிகள் ஆகும். ஆனாலும் இறக்கை நீளமென்பதால் முனை வேகமாகத்தான் போகும். ஆகவே ஆபத்தே இல்லை என்று வாயால் சொல்லிவிட முடியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வட அயர்லாந்தில் ஸ்டிராங்ஃபர்டு கடற்கழியில் 2008-இல் சீஜென் என்ற எந்திரத்தை நிறுவியபோது, சீல் எனப்படும் கடல்நாய் பக்கத்தில் வந்தால் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று விதித்திருந்தார்கள். பல ஆண்டுகள் கண்காணித்ததில், அவை எந்திரத்துக்குச் சற்று விலகி, வழக்கம்போல் அந்த வழியே போய்வருவது தெரிந்தது. ஓர் எந்திரத்துக்கு இது போதும். ஐம்பது எந்திரங்களை வரிசையாக நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதை விடையாகக் கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எதிர்வீட்டுப் பெரியவரும் அதைத்தான் வேறு விதமாகக் கேட்கிறார்: சோதனைக்கென்று ஒதுக்கிய கடலில் கூடு போட முடியாத நண்டுக்காரன் எங்கே போவான் என்று.

முன்கூட்டிக் கேட்காததால் வந்த கேட்டுக்குப் பிரான்ஸின் ரான்ஸ் ஆறு சாட்சி. அங்கே 1966-இல் 240 மெகாவாட் ஓத மின்நிலையம் திறந்தார்கள். அதைக் கட்டுவதற்காகக் கழிமுகத்தைக் கடலிலிருந்து மூன்றாண்டுக் காலம் அடைத்து வைத்ததில் உள்ளே இருந்த உயிரினங்கள் பெரும்பாலும் அழிந்து, மீண்டுவர ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 1940-இல் பள்ளிவாசலில் சக்கரம் சுழலத் தொடங்கியபோது, கீழே முதிரப்புழை ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விட்டால் மீன் பிழைக்கும் என்று யார் கேட்டார்கள்? கோடையில் ஆறு வெறும் பாறையாய்க் கிடந்ததைப் பார்த்துத்தானே நாங்கள் வளர்ந்தோம். நம் வீட்டுக்குச் சோறு போட்டது அந்த மின்நிலையம். அதைப் பழித்து எழுதவில்லை. அன்று யாரும் கேட்காததை இன்று கேட்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு.

கடலுக்குள் ஒலிவாங்கியை இறக்கி எந்திரத்தின் இரைச்சலைப் பதிவு செய்கிறோம். அதில் எது எந்திரத்தின் ஒலி, எது கடலின் ஒலி என்று பிரிப்பதுதான் என் பொறுப்பு. நீரோட்டம் வலுக்கும்போது அடியில் கூழாங்கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் ஓசை தெளிவாகக் கேட்கும். முதன்முதலில் அதைக் கேட்டபோது, ஆடி மழையில் ஆற்றுக்காட்டு அருவிக்குக் கீழே கல் புரளும் சத்தமும், இரவுப் பணி முடிந்து நீங்கள் நனைந்த தொப்பியோடு வந்து நிற்பதும், அம்மா கட்டன்சாயா ஆற்றிக் கொடுப்பதும் ஒன்றாக வந்து, ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். ஊருக்கு வரவேண்டும்போல் இருக்கிறது அப்பா. ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. நீட்டித்துத் தருவார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த மாதம் பணம் சற்றுப் பிந்தி வரும். வங்கியில் ஏதோ தாள் கேட்கிறார்கள், அவ்வளவுதான். அதற்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம்.

அம்மா சித்திரையில் ஓய்வு பெற்றதும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்று எழுதியிருந்தீர்கள். அம்மாவின் பணிக்கொடையைத் தம்பியின் வெளிநாட்டு வேலைக்காக ஏஜெண்டிடம் கட்டலாமா என்று கேட்டதற்கு என் பதில்: கூடவே கூடாது. அவன் ஐடிஐ படிப்பை முடிக்கட்டும். எந்திரம் தெரிந்தவனுக்கு எங்கும் வேலை உண்டு. அந்தப் பணத்தில் போடி நிலத்தில் இரண்டு அறையாவது கட்டிக்கொள்ளுங்கள். அதற்கு முன் பட்டாவில் பெரியப்பா பெயரும் சேர்ந்திருப்பதைச் சரிசெய்தாக வேண்டும். பேசப் போகும்போது சின்ன மாமாவையும் அழைத்துச் செல்லுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகும்வரை கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். பெரியப்பா என்ன சொன்னார் என்பதை உடனே எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்,
முத்துலட்சுமி