திரைக்குப் பின்னே பார்க்கச் சொல்லித்தந்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

‘தி மேட்ரிக்ஸ்’ என்ற ஹாலிவுட் படம் உருவான விதத்தைச் சொல்லும் ‘தி மேட்ரிக்ஸ் ரீவிசிட்டட்’ ஆவணப்படத்தை ஆங்காங்கே நிறுத்தி, பேசிப் பேசிப் பார்க்கலாம் என்று அழைத்திருந்தேன். ஜோஷ் ஓரெக் இயக்கி 2001இல் வந்த படம். ஓடும் நேரம் இரண்டு மணிக்குச் சற்று மேல்தான். நாம் பார்த்து முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை.

முதலில் ஸ்டண்ட் கலைஞர் அண்ணனுக்கு நன்றி. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. நடிகர்கள் கயிற்றில் தொங்கிப் பழகும் காட்சியில் எங்கள் கண்ணெல்லாம் நாயகன் கியானு ரீவ்ஸ் மேலேயே இருந்தது. “அவரை விடுங்க, கயிறு பிடிக்கிறவங்களைப் பாருங்க” என்று படத்தை நிறுத்தச் சொன்னீர்கள். சண்டை இயக்குநர் யுவென் வூ-பிங் ஹாங்காங்கிலிருந்து கூட்டிவந்த குழுவினர் கையாலேயே இழுத்த கயிறுகள் அவை. இழுப்பவர் கொஞ்சம் முந்தினால் உதைக்கக் கால் எழும்புமுன் உடம்பு போய்விடும். பிந்தினால் அடி முழங்காலுக்கு. கொக்கி மாட்டும் இடத்தை உங்கள் இடுப்பிலேயே தொட்டுக் காட்டியபோது அரங்கமே எட்டிப் பார்த்தது.

கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்த நிலையில், கழுத்துப் பட்டையோடு ரீவ்ஸ் பயிற்சிக்கு வந்ததைப் பற்றியும் நீங்கள்தான் விரிவாகப் பேசினீர்கள். தொடக்கத்தில் அவரால் உதைக்க முடியவில்லை. கைச்சண்டையில்தான் அதிகம் பழகினார். நான்கு மாதப் பயிற்சி அது. “வலியை மாஸ்டர்கிட்ட மறைக்கக் கூடாது. மறைச்சா கூட நிக்கிறவனுக்கும் ஆபத்து” என்றீர்கள். அதன் பிறகு அந்தக் காட்சிகளை நாங்கள் பார்த்த விதமே மாறிவிட்டது.

கிராஃபிக்ஸ் வேலை செய்யும் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. தோட்டாவுக்கு ரீவ்ஸ் வளைந்து கொடுக்கும் காட்சி முழுக்கக் கணினி வேலை என்றே பலர் எண்ணியிருந்தோம். பச்சைத் திரைக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டில் கேமராக்களை வளைவாக அடுக்கி, நொடியின் சிறு துணுக்கு இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கவைத்ததை வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டினாய். இரண்டு புகைப்படங்களுக்கு இடையே விட்டுப்போன அசைவை நிரப்புவதும், பின்னணியை உருவாக்குவதும்தான் கணினியின் பங்கு என்று அப்போதுதான் விளங்கியது.

உரையாடல்களைச் சுருக்கித் தமிழில் குறிப்பெழுதித் தந்த கல்லூரி மாணவிகள் இருவருக்கும், இடமும் ஒலிபெருக்கியும் கொடுத்துதவியவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்துவைத்த அத்தனை பேருக்கும் நன்றி.

‘தி மேட்ரிக்ஸ்’ படத்தை வெளியிட்ட நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால் ஆவணப்படத்தில் பாராட்டு சற்று அதிகம்தான். ஆனால் உழைப்பை இவ்வளவு கிட்டத்தில் நின்று காட்டும் படங்கள் குறைவு. அதைப் பார்க்கும் கண்ணை எங்களுக்குத் தந்தவர்கள் நீங்கள்.

‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் இரண்டாம் பாகத்துக்காகக் கலிஃபோர்னியாவின் அலமீடாவில், பழைய கடற்படை விமானத் தளத்தில் ஒரு நெடுஞ்சாலையையே கட்டினார்களே, அதைப் பற்றிக் கேள்விகள் மிச்சமிருக்கின்றன. அதற்காக மறுபடி கூடுவோம். கார் மோதல் காட்சிகளை விளக்க, உடன் வேலை செய்யும் ஒருவரையும் அழைத்து வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். மாணவிகளின் குறிப்புகள் வேண்டுவோர் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்