இல்லை என்று சொன்னதையும் ஏட்டில் ஏற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை நிர்வாகத்தில் தரவுகளை வைத்து வருங்காலத் தேவையைக் கணிப்பது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். செயற்கை நுண்ணறிவு என்னவெல்லாம் செய்யும் என்று விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அதற்குள் போகும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தொடவே இல்லை. மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்டாக் ரெஜிஸ்டரில் நாங்கள் எழுதுவது கொடுத்த மருந்தை மட்டுமே. கேட்டு, இல்லாமல் திரும்பிப் போனவரின் கணக்கு அதில் ஏறாது. ஒரு மாத்திரை 20 நாள் இருப்பில் இருந்து 600 செலவானது, மீதி 10 நாள் இருப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தின் உண்மையான தேவை 900-ஐ ஒட்டி இருக்கும். மென்பொருளோ 600 என்றே எடுத்துக்கொள்ளும். மருந்து கேட்டு நாங்கள் அனுப்பும் அடுத்த இன்டென்ட்டும் 600-க்கே போகும். அதுவும் இருபதாம் நாளோடு தீர்ந்துவிடும். இருப்பில்லாத நாள்களைக் கழித்துத்தான் சராசரி எடுக்க வேண்டும் என்பது மருந்துக் கொள்முதலில் பழைய பாடம். என்றைக்குத் தீர்ந்தது என்று எழுதி வைத்தால்தானே கழிக்க முடியும்?

படுக்கைக் கணக்கும் இப்படித்தான். 10 படுக்கை உள்ள ஐசியூ நிரம்பிய நாளில் 3 பேரை வேறு இடத்துக்கு அனுப்பினாலும், 9 பேரை அனுப்பினாலும் ஏட்டில் இருப்பது 10தான்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வே சாட்சி. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருள், யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதை அவர்களுக்கு ஆகப்போகும் மருத்துவச் செலவைக் கணித்து முடிவு செய்தது. சிகிச்சை எளிதில் கிடைக்காத கறுப்பின நோயாளிகளுக்குச் செலவும் குறைவாகவே ஆகியிருந்தது. அதனால் நோய் முற்றியிருந்தும் அவர்கள் பட்டியலில் பின்தங்கினார்கள். அந்தக் கோளாறைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்பு பெறுவோரில் அவர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். படிக்கும்போதே மனம் கனத்தது.

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரத்த வங்கியில் பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்கள் பொதுவாக 5 நாள்தான் தாங்கும். அதிகம் எடுத்தால் வீண், குறைந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே நல்ல கணிப்பு ஒரு வரப்பிரசாதம்.

புது மென்பொருள் வாங்கும் முன்பு கேட்டது, கொடுத்தது, இல்லாமல் போன நாள் என்ற மூன்றையும் தனித்தனியே பதிய நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யட்டும். கவுன்ட்டரில் வரிசை நிற்கும்போது நீளமாக எழுத யாருக்கும் நேரமிருக்காது. ஒரு பொத்தானைத் தட்டினால் பதிவாகும்படி இருந்தால் போதும். அதைவிட முக்கியம், ‘இருப்பு இல்லை’ என்று பதிந்தால் விளக்கம் கேட்டு மெமோ வருமோ என்று ஊழியர்களுக்கு இருக்கும் பயத்தைப் போக்குவது. அந்தப் பயம் இருக்கும்வரை எவரும் உண்மையைப் பதிய மாட்டார்கள். பதிந்தவருக்கு மெமோ அல்ல, மருந்து வந்து சேர வேண்டும். இதைப் பற்றியும் தங்கள் இதழ் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக் கிடங்கு ஊழியர் ஒருவர்